சீருடை களைந்த பின்: முன்னாள் படைவீரரின் தூக்கமும் வேலையும்

நம் மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் பலவற்றில் ஒரு முன்னாள் படைவீரர் இருக்கிறார். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய ஊர்கள் நம் மாநிலத்தில் உண்டு. 1758-ஆம் ஆண்டைத் தன் தோற்றமாகக் கொள்ளும் மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் நீலகிரியின் வெலிங்டனில் இன்றும் இயங்கி வருகிறது. ஆகவே இக்கட்டுரை ஒரு சிலருக்கானது அன்று. நம் வாசகர் பலரின் வீட்டுச் செய்தி.

படைவீரரைப் பொறுத்தவரை ‘ஓய்வு’ என்னும் சொல் பொருள் மயக்கம் தருவது. அரசு அலுவலர் ஒருவர் அறுபது வயதில் பெறும் ஓய்வும், சிப்பாய், நாயக், ஹவில்தார் நிலைகளில் பணியாற்றியோர் பெறும் ஓய்வும் ஒன்றல்ல. இவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதை ஒட்டியே வீடு திரும்புகின்றனர். பிள்ளைகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருப்பர். வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். ஓய்வூதியம் வந்தாலும் இன்னும் இருபது ஆண்டுகள் உழைத்தாக வேண்டிய நிலை இருக்கும். அதனால் திரும்பிய சில மாதங்களிலேயே கிடைத்த வேலையில் சேர்ந்துவிடுகின்றனர்.

அந்த முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்பங்கள் சம்பளத்தையும் தொலைவையும் கேட்கின்றன. கேட்கப்படாமல் போகும் வினா ஒன்று உண்டு: ‘இந்த வேலை இவருடைய தூக்கத்தை என்ன செய்யும்?’ மனநல மருத்துவத்தில் அவ்வினாவுக்கு ஏன் முதலிடம் தருகிறோம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழிப்பிலேயே பழகிய உடல்

எல்லைக் காவலில் இருப்பவரின் உயிர், சிறு ஒலிக்கும் உடனே விழித்துக்கொள்ளும் திறனைச் சார்ந்தது. ஆபத்து என்று மூளை உணர்ந்த கணத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன, தசைகள் இறுகுகின்றன. பதினைந்து, இருபது ஆண்டுகள் இவ்வாறு பழகிய நரம்பு மண்டலம், பணி விடுப்பு ஆணை கைக்கு வந்த நாளிலேயே அப்பழக்கத்தை விட்டுவிடாது. திரும்பிய முதல் மாதங்களில் அதிகாலை நான்கு மணிக்கு விழிப்பதும், பட்டாசு வெடித்தால் திடுக்கிடுவதும், கடையில் சுவரை ஒட்டிய இருக்கையையே தேடி அமர்வதும் பலரிடம் காணப்படுபவை. இவை நோய் அல்ல. அமைதியான சூழலும் ஒழுங்கான உறக்கமும் கிடைத்தால் பெரும்பாலோருக்கு இவை மெல்லத் தணிந்துவிடும்.

சிலருக்குத் தணிவதில்லை. முதல் உலகப் போரின்போது, 1915-இல், சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரில் போர்வீரர்களின் நிலையை மருத்துவ இதழில் எழுதினார். அக்காலத்தில் இதனைக் கோழைத்தனம் என்று தண்டித்தவர்களும் உண்டு. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இது தனி நோயாக இடம்பெற்றது. இன்று இதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்கிறோம். போர்முனையில் நின்றவருக்கே இது வரும் என்பதில்லை. பனிச்சரிவில் தோழரை இழந்தவருக்கும், வெள்ள மீட்புப் பணியில் உடல்களை எடுத்தவருக்கும் வரலாம்.

ஆண்டுகள் கடந்தும் இது தலைகாட்டலாம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் பணியாற்றிய இந்திய அமைதி காக்கும் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்படையில் இருந்து திரும்பியோர் இன்று முதுமையை எட்டியுள்ளனர். 1999-இல் கார்கிலில் நின்ற இளைஞர்கள் இன்று நடுவயதைக் கடந்துவிட்டனர். வேலையில் மூழ்கியிருந்தவரை அடங்கிக் கிடந்த நினைவுகள், வேலை முற்றிலும் நின்றதும், அல்லது மனைவியை இழந்ததும், மேலெழுவதைக் காண்கிறோம்.

ஐந்து வினாக்கள்

கடந்த ஒரு மாதத்தை மனத்திற்கொண்டு, படைவீரர் தமக்குத் தாமே இவற்றைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. அந்த நிகழ்ச்சி கெட்ட கனவாக வந்ததா? நினைக்க விரும்பாதபோதும் நினைவில் வந்து நின்றதா?
2. அதனை எண்ணாதிருக்கவும், அதனை நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் தவிர்க்கவும் பெரிதும் முயன்றீர்களா?
3. எப்போதும் எச்சரிக்கையாகவும், எளிதில் திடுக்கிடுபவராகவும் இருந்தீர்களா?
4. மனிதரிடமிருந்தும் வழக்கமான செயல்களிலிருந்தும் விலகி, உணர்ச்சி மரத்தவராக உணர்ந்தீர்களா?
5. நடந்ததற்காக உங்களையோ பிறரையோ ஓயாமல் பழித்துக்கொண்டீர்களா?

மூன்றுக்கு மேற்பட்டவற்றுக்கு ‘ஆம்’ என்பது விடையானால் மருத்துவரைக் காண வேண்டும். இது நோய் உறுதிப்பாடு ஆகாது. பரிசோதனை தேவை என்பதற்கான குறிப்பு. இந்நோய்க்குப் பயனுள்ள சிகிச்சை உண்டு. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட உளவியல் சிகிச்சை பொதுவாக வாரம் ஒருமுறையாக 8 முதல் 15 அமர்வுகளில் நிறைவுறும். செர்ட்ரலின் போன்ற மருந்துகளும் உதவுகின்றன. அவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பத்து நாளில் ‘பயனில்லை’ என்று நிறுத்திவிடலாகாது.

உடற்குறையாக வெளிப்படுவது

‘மனம் சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வரும் படைவீரர் மிகக் குறைவு. தலைவலி, நெஞ்சில் படபடப்பு, வயிற்றெரிச்சல், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்காகவே வருகின்றனர். ஆகவே இரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னர், ‘இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள்?’ என்று கேட்க வேண்டியது எங்கள் கடமை. கேட்காவிட்டாலும் நீங்களே கூறிவிடுங்கள்.

இரண்டு குறைகள் எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. முதலாவது செவித்திறன் இழப்பு. துப்பாக்கி, பீரங்கி, டாங்க், விமான எஞ்சின் ஆகியவற்றின் பேரொலி செவியின் நுண்ணிய உணர் அணுக்களை அழிக்கிறது. அவை மீண்டும் வளர்வதில்லை. இவ்வகை இழப்பில் பேச்சொலி கேட்கும், சொற்கள் தெளிவாக விளங்கா. மனைவி சொன்னதற்கு மறுமொழி இல்லாவிட்டால் ‘அவருக்கு நம்மீது அக்கறை இல்லை’ என்று வீடு எண்ணுகிறது. அவர் உரக்கப் பேசினால் ‘கோபக்காரர்’ என்கிறது. ஒரு செவித்திறன் பரிசோதனை, சில வீடுகளில் பல ஆண்டுச் சண்டைக்கு விடை தந்துவிடும். காதில் இடையறாது ஒலிக்கும் இரைச்சலும் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

இரண்டாவது உறக்க மூச்சுத்தடை. உரத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி விழித்தல், பகலில் தூங்கி வழிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். படையில் இருந்தபோது நாள்தோறும் ஓடியவர், ஓய்வுக்குப் பின் அதே அளவு உண்டு, ஓடுவதை நிறுத்திவிடும்போது எடை கூடுகிறது; எடை கூடக் கூடக் குறட்டையும் கூடுகிறது. இதனை முதலில் அறிபவர் அருகில் உறங்கும் மனைவியே. அவர் கூறும் செய்தி எங்களுக்கு ஓர் ஆய்வக அறிக்கைக்கு நிகரானது.

இரவுக் காவல் என்னும் எளிய வழி

முன்னாள் படைவீரருக்கு மிக எளிதில் கிடைப்பது காவலாளி வேலை. வங்கி, கிடங்கு, அடுக்குமாடிக் குடியிருப்பு, தொழிற்சாலை என எங்கும் அவர்களுடைய ஒழுங்கும் நேர்மையும் மதிக்கப்படுகின்றன. 1986-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவும் இத்துறையில் பலருக்கு வேலை தந்து வருகிறது. இது மதிப்புக்குரிய தொழில். இதனைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. வேலையின் நேரத்தைப் பற்றியே பேசுகிறேன்.

ஒருவரை எண்ணிப் பார்ப்போம். முப்பத்தொன்பது வயது, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், ஓராண்டாக இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர், இரவில் இருமுறை திடுக்கிட்டு விழிப்பவர். தனியார் கிடங்கு ஒன்றில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை, பன்னிரண்டு மணி நேரக் காவலில் சேர்கிறார். இருட்டில் தனியே நின்று ஒவ்வோர் ஒலியையும் ஐயத்தோடு கேட்பதே அங்கு அவர் பணி. எந்த விழிப்பைத் தணிக்க உடல் முயல்கிறதோ, அதே விழிப்புக்கு நாள்தோறும் மீண்டும் பயிற்சி தரப்படுகிறது. காலையில் வீடு வந்தால் தெருவின் இரைச்சல், மாவரைக்கும் ஓசை, வெளிச்சம். நான்கு மணி நேரமே உறங்குகிறார். பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் வேளையில் எரிச்சலோடு எழுகிறார். இரவு எட்டு மணி மாத்திரை மறந்து போகிறது. தூக்கம் வரவேண்டுமென்று காலையிலேயே ஒரு குவளை மது அருந்தத் தொடங்குகிறார். ஆறு மாதங்களுக்குப் பின் மனைவி அவரை அழைத்துவந்து, ‘இவரு இப்படி இருந்தவரு இல்லீங்க டாக்டர்’ என்கிறார். உண்மைதான், அவர் அப்படி இருந்தவர் அல்லர். அவருடைய வேலை நேரத்தை மாற்றாமல் மருந்தை மட்டும் மாற்றினால் எங்களால் செய்யக்கூடியது சிறிதே.

ஆகவே, ஓய்வு பெற்ற முதல் ஓராண்டில், இயன்றவரை பகல் நேர வேலையைத் தேடுங்கள். தீய கனவு, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வலிப்பு, மதுப் பழக்கம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் இரவு வேலையை ஏற்கும் முன்னர் மருத்துவரிடம் கேளுங்கள். இரவு நேரப் பணி கூடாது என்பதற்கான மருத்துவச் சான்று தேவையானால், பரிசோதித்து எழுதித் தருவது மருத்துவரின் பணியே.

வேறு வழியின்றி இரவு வேலையைத் தொடர வேண்டியவர் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். பகலும் இரவும் வாரந்தோறும் மாறி வரும் முறையைவிட ஒரே நேரமுறை நல்லது. திரும்பியவுடன் கனத்த திரை இட்ட அறையில் தொடர்ந்து ஏழு மணி நேரம் உறங்க வீட்டார் இடம் தர வேண்டும். பணியின் பின்பாதியில் தேநீரைத் தவிர்க்க வேண்டும். இன்சுலின் உள்ளிட்ட சர்க்கரை மருந்துகளின் நேரத்தைத் தாமாக மாற்றாமல் மருத்துவரிடம் புதிய அட்டவணை பெற வேண்டும். தூக்கத்துக்கென்று கடையில் அல்ப்ரசோலாம் போன்ற மாத்திரைகளை வாங்குதல் கூடாது. அவை எளிதில் பழக்கமாகும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே தளர்த்திவிடும்.

வேறு வழிகளும் உண்டு

படையில் ஒருவர் வெறும் ‘சிப்பாய்’ ஆக இருந்ததில்லை. ஓட்டுநர், மின்பணியாளர், செவிலிய உதவியாளர், சமையலர், எழுத்தர், தொலைத்தொடர்பு இயக்குநர், பண்டகக் காப்பாளர் என ஏதேனும் ஒரு தொழிலைக் கற்றிருப்பார். அத்தொழில் பணி விடுப்புப் புத்தகத்தில் பதிவாகியிருக்கும். ‘நான் காவல் வேலைக்குத்தான் பொருத்தம்’ என்று கூறும் பலர், பத்தாண்டுகள் வாகனப் பழுது நீக்கியவர்களாகவோ, நூறு பேருக்கான உணவுக் கிடங்கை நிர்வகித்தவர்களாகவோ இருக்கின்றனர்.

மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உள்ளது. அங்கு வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் கல்வி உதவி பற்றியும் கேட்கலாம். மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணியிடங்களில் 10 விழுக்காடு முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கப்படுகிறது. அப்பணிகளுக்கான வயது வரம்பில், படையில் பணியாற்றிய ஆண்டுகளைக் கழித்து, அதற்கு மேலும் 3 ஆண்டுகள் தளர்வு தரப்படுகிறது. தேர்வுக்குப் படிப்பதே சிலருக்கு நல்ல மருந்தாக அமைவதைக் காண்கிறோம். நாளுக்கு ஓர் ஒழுங்கு வருகிறது. நூலகத்தில் நண்பர் கிடைக்கின்றனர்.

இனி வரும் ஆண்டுகளில் இளைஞர்களையும் மனத்திற்கொள்ள வேண்டும். 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தோர் நான்கு ஆண்டுகள் பணியாற்றுவர்; அவர்களுள் 25 விழுக்காட்டினர் வரை படையில் தொடர்வர். ஏனையோர் இருபதுகளிலேயே வீடு திரும்புவர். அவர்களுக்குச் சேவா நிதி என்னும் ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. ஊரார் ‘அதற்குள் வந்துவிட்டாயா?’ என்று கேட்கும் ஒரு கேள்வியே அவ்வயதில் ஆழமாகக் குத்தும். திரும்பியவர் தோற்றுப்போய் வரவில்லை என்பதை வீட்டார் முதலில் உணர்ந்து பேச வேண்டும்.

மதுவைப் பற்றிச் சில சொற்கள்

படைவீரர் கேன்டீனில் குறைந்த விலையில் மது கிடைக்கிறது. பலர் அளவோடு நின்றுவிடுகின்றனர். தூக்கத்துக்கும் நினைவை மறப்பதற்கும் குடிக்கத் தொடங்குவோர் நிற்பதில்லை. மது உறக்கத்தை விரைவில் தரும். பின்னிரவில் அதனைக் கலைத்துவிடும்.

குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை நடுக்கம், வியர்வை, இல்லாதவற்றைக் காணுதல், மனக் குழப்பம் ஆகியவை தோன்றலாம். இது உயிருக்கு ஆபத்தான நிலை. ‘அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும்’ என்று எண்ணாதீர். மருத்துவமனையில் சேர்த்து, மருந்தின் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பானது.

வீட்டார் செய்யத்தக்கவை

கணவர் எல்லையில் இருந்த ஆண்டுகளில் வங்கிக் கணக்கு முதல் பிள்ளைகளின் பள்ளி வரை அனைத்தையும் நடத்தியவர் மனைவி. திரும்பியவர் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் தம் ஆணைக்குள் கொண்டுவர முயன்றால் உரசல் எழும். அதே வேளையில், ‘உங்களுக்கு ஒன்றும் தெரியாது, விடுங்கள்’ என்று ஒதுக்கினால் அவர் தம் வீட்டிலேயே விருந்தினராகிவிடுவார். ஒவ்வொரு பொறுப்பாக, கேட்டும் சொல்லியும், பகிர்ந்துகொள்வதே நல்லது. காய்கறி வாங்குதல், மகளை வகுப்புக்கு அழைத்துச் செல்லுதல், மின்கட்டணம் செலுத்துதல் எனச் சிறியவற்றிலிருந்து தொடங்கலாம்.

தீய கனவில் அலறுபவரைத் தொட்டு உலுக்கி எழுப்பாதீர். எட்ட நின்று, விளக்கைப் போட்டு, பெயர் சொல்லி அழையுங்கள். விழித்ததும் ‘வீட்டில்தான் இருக்கிறீர்கள்’ என்று சொல்லுங்கள். ‘அங்கே எத்தனை பேரைச் சுட்டீர்கள்?’ என்று விருந்தினரோ பிள்ளைகளோ கேட்பதைத் தடுத்துவிடுங்கள். அவர் பேச முன்வரும்போது அறிவுரை கூறாமல் கேட்டிருத்தலே போதும்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அவ்வெண்ணம் உண்டாகிவிடும் என்னும் அச்சம் தவறானது. ‘உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்கலாம். துப்பாக்கிக் காவலர் வேலைக்காக உரிமத்துடன் துப்பாக்கி வாங்கி வீட்டில் வைத்திருப்போரும் உள்ளனர். மனச்சோர்வோ மிகுந்த மதுப் பழக்கமோ உள்ள காலத்தில் அது வீட்டில் இருத்தல் கூடாது. காவல் நிலையத்தில் சட்டப்படி ஒப்படைத்து வைப்பது பற்றி அவரோடு கலந்து பேசுங்கள். நெருக்கடியான நேரம் கடக்கும்வரை கருவி கைக்கெட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காக்கும். எந்நேரமும் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இத்தனையையும் தாங்கும் மனைவிக்கும் தாய்க்கும் தூக்கம் வேண்டும். அவர்கள் தம் உடல்நலத்துக்காகவும் மருத்துவரைக் காணலாம்; அது தன்னலம் ஆகாது.

மருத்துவமனைக்கு வரும்போது

ஓய்வூதியம் பெறும் படைவீரருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் 2003 ஏப்ரல் முதல் இ.சி.எச்.எஸ். என்னும் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடைமுறையில் உள்ளது. வழக்கமான சிகிச்சைக்கு அதன் பாலிகிளினிக்கில் பரிந்துரைச் சீட்டுப் பெற்று வர வேண்டும். உயிர் ஆபத்துள்ள அவசர நிலையில் முதலில் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். சீட்டுக்காகக் காலம் தாழ்த்த வேண்டாம். திட்ட அட்டையைக் காட்டினால் தகவல் தெரிவிக்கும் நடைமுறைகளை மருத்துவமனை அலுவலர் விளக்குவர். மனநலச் சிகிச்சைக்கும் இதே வழிதான்.

வரும்போது கொண்டுவர வேண்டியவை: திட்ட அட்டை, பணி விடுப்புப் புத்தகம், ஓய்வின்போது தரப்பட்ட மருத்துவத் தகுதிநிலைச் சான்று, தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகள். அவற்றோடு, ஒரு தாளில் இரண்டு வாரத் தூக்கக் குறிப்பையும் எழுதி வாருங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்த முறை, வேலை நேரம், அருந்திய மதுவின் அளவு. ஐந்து வரிகள் கொண்ட அத்தாள், பல பரிசோதனைகளைவிட எங்களுக்குப் பயன்படும்.

படையில் ஒரு வீரர் எத்தனை மணிக்கு உறங்கி எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதைப் பிறர் வகுத்துத் தந்தனர். இப்போது அதனை அவரும் அவர் குடும்பமும் சேர்ந்து வகுக்க வேண்டியுள்ளது. உங்கள் வீட்டில் ஒருவர் இவ்வாண்டு படையிலிருந்து திரும்புவாராயின், முதல் வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பும் முன்னர் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து அந்தத் தூக்கக் குறிப்பை எழுதிப் பாருங்கள். ஐயம் எழுந்தால், அத்தாளோடு எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வாருங்கள்.